அயிரை தேடு படலம்

எழுத்தாளனுக்கு வரும் கடிதங்கள் மூன்று ரகம். புகழ்ந்து வருபவை ஒரு ரகம். அவற்றை வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி மேஜைமேல் வைப்பேன். வைது வருபவை இரண்டாவது ரகம். அவை அலமாரியின் அடித்தட்டுக்குப் போகும். மூன்றாவது ரகம் அபூர்வம். அதில் புகழும் இராது, வசவும் இராது. ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இராது. அப்படிப்பட்ட கடிதத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைவேன்.

அவ்வாறு நான் பல நாள் சுமந்து திரிந்த தபால் கார்டு ஒன்று சோழவந்தானிலிருந்து வந்தது. கைபேசியில் நாலெழுத்துத் தட்டினால் அதுவே கடிதம் என்றாகிவிட்ட இந்த நாளில், தபால் கார்டைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். எழுத்துக்கள் குண்டு குண்டாக, ஒன்றையொன்று தொடாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல நின்றன. விஷயம் இதுதான்:

“உங்கள் நாவலைப் பேரன் நூலகத்திலிருந்து எடுத்து வந்தான். முழுவதும் படித்தேன். பதினேழாம் அத்தியாயத்தில், ஊரைவிட்டுப் போன மகன் எட்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறான். தாய் அயிரை மீனைத் துண்டு துண்டாக நறுக்கிக் குழம்பு வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அயிரை விரல் நீளம்கூட இராது. அதை எங்கே வைத்து நறுக்கினாள்? அதற்கப்புறம் அவள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வயது எண்பத்தொன்று. சுலபமாக அழக்கூடியவள்தான்.”

கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தப் பதினேழாம் அத்தியாயத்தைப் பற்றி எனக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. அதை எழுதிய இரவில் நானே கண் கலங்கினேன். படித்தவர்கள் பலரும் அதைத்தான் சொன்னார்கள். இப்போது ஒரு மூதாட்டி வந்து, ‘உன் கண்ணீர் உன்னோடு, எனக்கு மீன்தான் கண்ணில் பட்டது’ என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. சமையலறையில் பொய் சொன்னவன் கூடத்தில் உண்மை பேசுவான் என்று யார் நம்புவார்கள்?

பிழை எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிச் சீமையில் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக் கணக்குப் பாடத்தில் வாங்கும் மார்க்குக்கு மட்டுமே உபயோகிப்பார்கள். உத்தியோகத்துக்காகச் சென்னைக்குப் போய், விடுதிச் சாப்பாட்டில் நாள் தள்ளிய காலத்தில்தான் மீன் என் இலைக்கு வந்தது. வந்ததும் வஞ்சிரம். ஆகவே என் அனுபவத்தில் மீன் என்பது வட்ட வட்டமாக, நடுவில் ஒரு முள்ளோடு, தட்டில் வந்து இறங்குகிற பொருள். அயிரை என்ற பெயர் மதுரைப் பக்கத்துப் பெயர். கதைக்கு மண்வாசனை தரும் என்று எண்ணினேன். பெயரைக் கேட்டு வாங்கினேனே தவிர, மீனைக் கேட்டு வாங்கவில்லை. வஞ்சிரத்தை நறுக்கின கத்தியாலேயே அயிரையையும் நறுக்கிவிட்டேன்.

மூதாட்டிக்குப் பதில் எழுதினேன். “தவறு என்னுடையது. இதுவரை அயிரையை நான் உண்டதில்லை. வைகாசி இரண்டாம் வாரம் மதுரைக்கு வந்து, அசல் அயிரைக் குழம்பை உண்டு தெரிந்துகொண்டு, சனிக்கிழமை தங்களை வந்து பார்க்கிறேன்” என்று கார்டிலேயே எழுதிப் போட்டேன். எழுதிய பிறகுதான் ‘அசல்’ என்ற சொல் எவ்வளவு விவகாரமானது என்று தெரிந்தது.

துணைக்கு என் நண்பர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பரம சைவம். மீன் தேடப் போகிறவன் சைவரை அழைத்துப் போவானேன் என்று கேட்கலாம். அவருக்கு அயிரையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். உண்டு தெரிந்ததல்ல, படித்துத் தெரிந்தது. ரயில் செங்கற்பட்டைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“குறுந்தொகையிலே பரணர் பாடியிருக்கிறார், ஐயா. கீழ்க்கடற்கரையிலே ஒரு கிழட்டு நாரை. சிறகு ஓய்ந்துபோய்விட்டது, பறக்க முடியாது. அது எதை நினைத்து ஏங்குகிறது தெரியுமா? மேற்கே சேரனுடைய தொண்டித் துறையில் இருக்கிற அயிரை மீனை நினைத்து! எங்கே கீழ்க்கடல், எங்கே தொண்டி? எட்டாத பெண்ணுக்கு ஏங்குகிறவனுக்கு அந்த நாரையை உவமை சொல்கிறார். பக்கத்தில் கடல் நிறைய மீன் இருக்கிறது. ஆனால் கிழவனுக்கு அயிரைதான் வேண்டும்.”

“இப்போது ரயிலில் போகிறதும் ஒரு கிழட்டு நாரைதான்” என்றேன். நண்பர் மறுக்கவில்லை.

மதுரையில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் இறங்கினோம். அசல் மதுரைச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கணக்கரைக் கேட்டேன். இந்தக் கேள்வியை மதுரையில் யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வேலை எதுவும் நடக்காது. கணக்கர் ஒரு பட்டியல் கொடுத்தார். பெட்டி தூக்கி வந்த பையன் அந்தப் பட்டியலைத் திருத்தினான். ஆட்டோ ஓட்டுகிறவர் இருவரையும் அடியோடு மறுத்து, “அதெல்லாம் வெளியூர்க்காரங்க திங்கிற இடம்ணே. அங்கிட்டுப் போகாதீக; நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

அவர் கூட்டிக்கொண்டு போனதற்குக் குறை சொல்ல முடியாது. விடிகிற வேளையில் தெருமுனையில் பருத்திப்பால் குடித்தோம். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, தேங்காய்ப்பூத் தூவிக் கொடுக்கிறார்கள். மாட்டுக்குப் போடுகிற கொட்டைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றியது. சாயங்காலம் சௌராஷ்டிரர் தெருக்களில் முள்முருங்கை வடை. கீரையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் போட, பச்சைப் பசேலென்று உப்பி வருகிறது. மேலே பொடி தூவிக் கையில் தருகிறார்கள். தமிழாசிரியர் நாலு வடை சாப்பிட்டார். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: பாலும், கடற்பாசியும், நன்னாரி மணமும், ஐஸ்கிரீமும் ஒரே தம்ளருக்குள். இரவு சிம்மக்கல் பக்கம் கோனார் கடையில் கறி தோசை. அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. மூன்று மாடிக் கட்டடம். நண்பர் வெளியே நின்று போகிற வருகிற பஸ்களின் பெயர்ப் பலகைகளில் சந்திப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

வயிறு நிறைந்தது. ஆனால் ‘அசல்’ எங்கே இருக்கிறது? படுக்கையில் கிடந்து கணக்குப் பார்த்தேன். சௌராஷ்டிர மக்கள், பேரிலேயே ஊரை வைத்துக்கொண்டு, வடமேற்கேயிருந்து பல தலைமுறை நடந்து, விஜயநகரத்தின் வழியாக இங்கே வந்து நெசவு நெய்தவர்கள். ஜிகர்தண்டாவின் பெயர் வடக்கத்திப் பெயர். ஈரலைக் குளிர்விப்பது என்று பொருள். பரோட்டாவின் மைதா மில்லிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மதுரைக் காரம் என்று நாம் மீசை முறுக்குகிறோமே, அந்த மிளகாய் அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. அவர்கள் வருவதற்கு முன் பாண்டியர்கள் மிளகைத்தான் கடித்தார்கள்.

சிசிலித் தீவின் சமையலைப் பற்றி முன்னொரு சமயம் ஆசையாகப் படித்தது நினைவுக்கு வந்தது. இத்தாலியின் காலடியில் கிடக்கிற தீவு அது. வெளியூர்க்காரர்கள் அங்கே இறங்கி, அசல் சிசிலிச் சாப்பாட்டைத் தெருத் தெருவாகத் தேடுவார்கள். கிடைப்பது என்ன? எலுமிச்சையும் கரும்பும் கத்திரிக்காயும் ஒன்பதாம் நூற்றாண்டில் தீவைப் பிடித்த அரபியரின் கொடை. தக்காளி, கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போன பிறகு வந்து சேர்ந்தது. மேற்குக் கரையில் திராப்பனி என்ற ஊரில் மீன் சாற்றை ஊற்றி உண்கிற ‘கூஸ்கூஸ்’ எதிர்க்கரை ஆப்பிரிக்காவினுடையது. வந்தவற்றையெல்லாம் கழித்துவிட்டால் எரிமலைதான் மிஞ்சும் போலிருக்கிறது.

அந்தத் தீவில் ஒரு பலகாரத்துக்கு வேடிக்கையான கதை உண்டு. பிரபுக்கள் அத்திப்பழம் தின்று கொழுத்த சின்னஞ்சிறு குருவிகளைப் பிடித்துச் சமைப்பார்கள். குருவிக்கு வழியில்லாத ஏழைகள், மலிவாகக் கிடைத்த மத்தி மீனைப் பிளந்து, ரொட்டித் தூளை உள்ளே வைத்துச் சுருட்டி, வால் மேலே தூக்கி நிற்கும்படி தட்டில் அடுக்கி, அதற்குக் குருவியின் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்று குருவியை யாரும் தேடுவதில்லை. அந்த மத்தியைத்தான் அசல் என்று ஊர் ஊராகத் தேடுகிறார்கள்.

படித்தபோது சிரித்துவிட்டு மறந்துபோனேன். இந்தக் கதை பின்னால் எனக்கு வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் அயிரைக்காக ஒதுக்கப்பட்ட நாள். முதலில் புறவழிச் சாலையில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம். பெயரை விட்டுவிடுகிறேன். வாசலில் மாட்டு வண்டிச் சக்கரம், உள்ளே உரலும் அம்மியும் கண்ணாடிப் பெட்டிக்குள், பரிமாறுகிறவர்களுக்குத் தலைப்பாகை. அசல் தன்மைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் இருந்தன. அயிரைக் குழம்பு செம்புக் கிண்ணத்தில் வந்தது. கெட்டியாக, தேங்காயும் தக்காளியும் சர்க்கரையுமாக, பாயசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அடியில் நாலைந்து மீன்கள் இருந்தன. கடித்தபோது பல்லில் மணல் நறநறத்தது.

“மணல் இருக்கிறதே?” என்றேன்.

தலைப்பாகைப் பையன் சிரித்துக்கொண்டே, “ஆத்து மீன் சார். ஒரிஜினல்னா அப்படித்தான் இருக்கும்” என்றான்.

மணலையும் அசலில் சேர்த்துவிட்ட அந்தச் சாமர்த்தியத்தை நான் வியந்தேன். பில் வந்தபோது நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தொகை மாறவில்லை.

மத்தியானம் ஓர் ஒடுக்கமான சந்தில், பழைய வீட்டின் முன்கூடத்தில் நடந்த மெஸ்ஸுக்குப் போனோம். பெஞ்சு, இலை, தண்ணீர்ச் செம்பு. அடுப்படியில் மனைவி, கல்லாவில் கணவர். இங்கே குழம்பு புளிப்பும் உறைப்புமாக, நல்லெண்ணெய் மேலே மிதக்க, மண்சட்டியிலிருந்து நேரே சோற்றில் விழுந்தது. மீன் வாயில் போனதும் கரைந்தது. முள் இருந்த இடம் தெரியவில்லை. தலையும் வாலுமாக முழுசு முழுசாக இருந்தது. அப்போதுதான் என் வாக்கியத்தின் அபத்தம் எனக்குப் பூரணமாக விளங்கியது. இதை நறுக்குவது கொத்தமல்லி விதையைத் தோலுரிப்பது போல.

முன்வரிசைப் பந்தி எழுந்த பிறகு கல்லாக்காரர் பேச வந்தார். “மணல் கடிச்சதா? பின்னே கடிக்காம? அது சேத்துல கெடக்கிற மீனுங்கய்யா. மண்ணைத் தின்னு மண்ணைத் துப்புற ஜென்மம். உசிரோட வாங்கணும். பால்ல விட்டா மண்ணையெல்லாம் கக்கிரும். பெறகு மண்சட்டியில கல்லுப்பைப் போட்டு அலசி அலசி எடுக்கணும். வழுவழுப்புப் போறவரைக்கும் அலசணும். அதுக்கு ஒரு பொம்பளையாளு கை வேணும்; மெஷினு வராது. செத்த அயிரையை வாங்கினா அது எப்படிக் கக்கும்?”

“வைகை மீனா?” என்று கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “வைகையில தண்ணி வந்தா டி.வி.யில சொல்றாங்க அய்யா. ஒரு காலத்துல இந்த ஊரைச் சுத்திக் கண்மாய். மழைக்குப் பெறகு மடையைத் தொறந்தா அயிரை கூடை கூடையா வரும். ஏழைக் குழம்புன்னு பேரு. இன்னைக்குக் கண்மாய் இருந்த எடத்துல எல்லாம் வீடு இருக்கு. எங்கெங்கிருந்தோ பானையில தண்ணியோட வைச்சுக் கொண்டாந்து தர்றாங்க. வர்ற அன்னைக்கு வைப்போம். வராத அன்னைக்குப் போர்டை அழிச்சிருவோம்.”

நல்ல மனிதர். வராத நாளில் போர்டை அழிக்கிறவரிடம் எந்த ஊரிலும் நம்பிச் சாப்பிடலாம். நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: தேடியது கிடைத்துவிட்டது. சனிக்கிழமை அந்த அம்மாளிடம் போய், ‘நறுக்கி’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘பாலில் விட்டு, கல்லுப்புப் போட்டு அலசி’ என்று திருத்தி எழுதப் போகிறேன் என்று சொன்னால் போதும், விவகாரம் தீர்ந்தது.

சனிக்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். கோச்சடையும் துவரிமானும் தாண்டினால் சமவெளி விரிகிறது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறு பக்கம் அறுவடையான வயல். 1895-இல் பெரியாற்று அணையைக் கட்டி, மேற்கே போகிற தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணையும் வந்தது. சோழவந்தானின் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் இவ்விதம் வருகிற தண்ணீரை நம்பியவை. ஆனால் அது வைகாசி. ஆற்றில் மணலும் நாணலும் தவிர ஒன்றுமில்லை. வழியில் பார்த்த கண்மாய்களில் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். இதையெல்லாம் நான் பார்த்தேன். ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். பார்த்தும் என் மூளையில் எதுவும் தட்டுப்படவில்லை.

வீடு ஓட்டு வீடு. திண்ணையில் பேரன் காத்திருந்தான். உள்ளே வெளிச்சம் வருகிற இடத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, காது வளர்த்திருந்தாள், கண்ணாடி மட்டும் தடிமன்.

“வாங்க தம்பி. நீங்கதானா அது? படத்துல இன்னுங் கொஞ்சம் வயசு கம்மியா இருந்துச்சு.”

“படம் பழசு அம்மா” என்றேன்.

“அதுவும் பொய்தானா?” என்று சிரித்தாள். அந்த ‘அதுவும்’ எனக்கு உறைத்தது.

நான் கற்ற பாடத்தை ஒப்பித்தேன். பால், கல்லுப்பு, மண்சட்டி, உயிரோடு வாங்குவது எல்லாம். அம்மாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி தலையாட்டிக் கேட்டாள். “சரிதான். குழம்பு தளதளன்னு கொதிக்கையில கடைசியா மீனைப் போடணும். கரண்டி போட்டுக் கிண்டப்படாது, சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்துச் சுத்தி எறக்கிறணும்” என்று சேர்த்தாள்.

“தேங்காய் அரைக்கலாமா?”

“நாங்க அரைக்கிறதில்லை. அக்கரையில தென்கரைக்காரங்க அரைப்பாக. அதுவும் நல்லாத்தான் இருக்கும்.”

நண்பர் என்னைப் பார்த்தார். ஆற்றுக்கு இக்கரையில் ஓர் அசல், அக்கரையில் வேறோர் அசல். நடுவில் தண்ணீர்கூட இல்லை.

“அப்படியானால் அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன். நறுக்கினதை எடுத்துவிடுகிறேன்” என்றேன்.

அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“நறுக்கினதை நான் விட்டுருவேன், தம்பி. கார்டுல எடம் இல்லை. அதனால அதை மட்டும் எழுதினேன். அது என்ன மாசம்?”

“எது?”

“மகன் வர்ற மாசம்.”

“சித்திரை.”

“சித்திரைதான். அதுவும் மானம் பொய்ச்ச வருசம்னு முந்தின பக்கத்துல நீங்கதான் எழுதிருக்கீக. கெணத்துல தண்ணி இல்லாம அவ ஒரு கொடத்துக்கு ரெண்டு மைலு நடக்கிறா. கண்மாய் வெடிச்சுக் கெடக்கையில அவளுக்கு அயிரை ஏது?”

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. அந்த வறட்சியை நான் பத்துப் பக்கம் வர்ணித்திருக்கிறேன். அந்தப் பக்கங்களையும் பாராட்டினார்கள். வறட்சியை எழுதிய கையே நாலு பக்கம் தள்ளி மீன் குழம்பு வைத்திருக்கிறது! இது சமையல் பிழை அல்ல. அந்தத் தாயை நான் ஒரு கணமும் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி. மகன் வந்தான், மீன் குழம்பு வைத்தாள் என்று, நாடகத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காலையில்தான் அந்த வெடிப்புகளின் ஓரமாகவே பஸ்ஸில் வந்தேன். அப்போதும் தோன்றவில்லை.

“அப்படியானால் அவள் என்ன சமைத்திருப்பாள் அம்மா?”

“கையைக் கழுவிட்டு ஒக்காருங்க” என்றாள்.

பேரன் இலை போட்டான். அவன் இரண்டு நாளாகச் சந்தை சந்தையாக அயிரைக்கு அலைந்திருக்கிறான். உயிர் மீன் கிடைக்கவில்லை. செத்ததை வாங்கி வர அப்பத்தா சம்மதிக்கவில்லை. ஆகவே இலையில் விழுந்தது மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. ஆனால் வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. முந்திய நாள் சந்திலிருந்த மெஸ்ஸில் நுகர்ந்த அதே வாசனை: நல்லெண்ணெயில் வெந்தயம், பூண்டு, சின்ன வெங்காயம், அம்மியில் அரைத்த மசாலை, பழம்புளி, மண்சட்டியின் மணம்.

“கூட்டு எல்லாம் அயிரைக்குப் போடுறதுதான். மீன் மட்டும் இல்லை” என்றாள். “எங்க மாமியா மீன் இல்லாத நாள்ல இப்படித்தான் வைப்பாக. ‘அயிரைக் குழம்பு’ன்னு சொல்லியே ஊத்துவாக. பிள்ளைக மீன் எங்கேன்னு கேக்கும். ‘இப்பத்தான் நீந்திப் போச்சு, சட்டிக்கு அடியில போயி ஒளிஞ்சிருக்கு’ம்பாக. பிள்ளைக தேடிக்கிட்டே ரெண்டு வாய் கூடத் திங்கும். நீங்க வாரேன்னு கார்டு போட்டதுனால ராத்திரியே மொச்சையை ஊறப் போட்டேன்.”

எனக்குச் சிசிலியின் குருவி ஞாபகம் வந்தது. கடல் கடந்து ஏதோ ஒரு தீவில் ஏழை வீட்டுப் பெண் மத்தி மீனின் வாலைத் தூக்கி நிறுத்துகிறாள். இங்கே ஒருத்தி மீனைச் சட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியார்கள்.

தமிழாசிரியர் மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கினார். பரணருக்குப் பிறகு அயிரையை அவ்வளவு அனுபவித்த தமிழ்ப் புலவர் இருந்திருக்க மாட்டார். அந்தச் சட்டியின் பூர்வாசிரமத்தைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்ததும் பதினேழாம் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். அயிரையை எடுத்துவிட்டேன். தாய் மொச்சைக் குழம்பை ஊற்றுகிறாள். எட்டு வருஷம் பட்டணத்துச் சாப்பாடு சாப்பிட்ட மகன் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்க்கிறான். பிறகு சின்னப் பிள்ளையைப்போலச் சோற்றுக்குள் விரலை விட்டுத் தேடுகிறான். அவ்வளவுதான். அவர்கள் கட்டிக்கொண்டு அழுகிற இரண்டு பக்கங்களையும் அடித்துவிட்டேன். அவை தேவைப்படவில்லை. பதிப்பாளர் முனகினார், பக்கம் குறைந்தால் அவருக்கு அச்சுக் கணக்கு உதைக்கும். மிகவும் மன்றாடி மாற்ற வைத்தேன்.

இரண்டாம் பதிப்பு வந்ததும் முதல் பிரதியைச் சோழவந்தானுக்கு அனுப்பினேன். பதிலுக்கு நான் காத்திருந்ததுபோலப் பரீட்சை எழுதிய காலத்தில்கூட முடிவுக்குக் காத்திருந்ததில்லை. பதினைந்து நாள் கழித்துக் கார்டு வந்தது. அதே குண்டு எழுத்து. அழுகை வந்ததா இல்லையா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவுதான் இருந்தது:

“புத்தகம் கிடைத்தது. பேரனுக்கும் படித்துக் காட்டினேன். இன்னும் ஒரு தப்பு இருக்கிறது. காய்ந்த மொச்சை ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். மகன் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த உடனே அவள் எப்படிக் குழம்பு வைத்தாள்? அப்படியானால் எட்டு வருஷமாகத் தினமும் ராத்திரி ஒரு பிடி மொச்சை ஊறப் போட்டு வைத்தாளா? அப்படித்தான் செய்தாள் என்றால் அதை எழுதாமல் விடலாமா?”

அந்தக் கார்டையும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். மூன்றாம் பதிப்பு எப்போது போடப் போகிறீர்கள் என்று பதிப்பாளரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். விற்பனைக்காக இவன் துடிக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.